சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் 355 கி.மீ., கொழும்பு 650 கி.மீ. பறக்கும் நேரம் மட்டும் எப்படி ஒன்று?

வளசரவாக்கத்தான்:
அம்மாவுக்கு 78 வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கத்தில் உரும்பிராய். 1971ல் கல்யாணம் முடிந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயில் பிடித்து மெட்ராஸ் வந்தவர். ஊரை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். டிக்கெட் போடும் ஆள், "யாழ்ப்பாணமும் ஒண்ணேகால் மணி நேரம், கொழும்பும் ஏறக்குறைய அதே நேரம். கொழும்புக்கே போங்க சார், பெரிய ப்ளைட்" என்கிறார். மேப்பில் அளந்தால் ஒன்று இன்னொன்றில் பாதிதான் வருகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு மணிக்கொருதரம் பாத்ரூம் வேறு போகணும்.

இறக்கைவால்:
கணக்கு சரிதான், விமானம்தான் வேறு. யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏடிஆர் 72, காற்றாடி வைத்தது. மணிக்கு 500 கி.மீ. போனால் பெரிசு. கொழும்புக்கு ஜெட், 800க்கு மேல் போகும். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம், 650ஐ 830ஆல் வகுத்தால் 47. ஏறுவது, இறங்குவது, சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது எல்லாம் இரண்டுக்கும் பொது. டிக்கெட்டில் இருப்பது அத்தனையும் சேர்த்த நேரம்.
இன்னொன்று, ஏடிஆரில் கழிவறை ஒன்றே ஒன்று, கடைசியில். பின்பக்க சீட்டாக வாங்குங்கள். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் வானம் தெளிவாக இருக்கும்போது நம் கரை தெரியும்.

பலாலிவீதி:
அண்ணை, அம்மாவைக் கொழும்பாலை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ! கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் 400 கி.மீ. கிட்ட. பஸ்ஸிலை எட்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேணும். முழங்கால் நோகிற மனுசி என்னெண்டு தாங்கும்? யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியிலை இறங்கினால் உரும்பிராய்க்கு அரை மணித்தியாலம் போதும். சக்கர நாற்காலி வேணுமெண்டு டிக்கெட் போடேக்கையே சொல்லிப்போடுங்கோ.

மலைக்கோட்டை:
திருச்சியிலிருந்தும் 2025 மார்ச் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு விட்டாங்க. நேர்கோட்டில் 185 கி.மீ.தான். ஆனா சென்னையிலிருந்து திருச்சி வர்றதுக்கே அஞ்சாறு மணி நேரம் ஆகும், உங்களுக்கு லாபம் இல்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் ஞாபகம் வந்தா மறந்துடுங்க. நாலு மணி நேரம் கடல் ஆட்டம், 78 வயசுக்கு வேண்டாம்.

வளசரவாக்கத்தான்:
எல்லாருக்கும் நன்றி. அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை, இறங்கினபிறகு இருக்கும் 400 கி.மீ.யைத்தான் சொல்லவில்லை. பலாலிக்கே போட்டாச்சு, கடைசிக்கு முந்தின வரிசை, வலப்பக்கம். கப்பல் விஷயத்தை அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப கப்பலிலயே போவம்" என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம்.