ஸ்கொயர் டான்ஸ் தேசிய மாநாட்டில் நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

சின்சினாட்டி, ஒஹையோ

ஜூன் மாதம் நெருங்கும்போது பெட்டியிலிருந்து என் நடனப் பாவாடையை எடுத்து வெயிலில் காயப்போடுவேன். அரக்கு நிறம். என் மகள் பத்து வயதில் உடுத்திய பட்டுப் பாவாடையைப் பிரித்துத் தைத்தது. மிச்சமிருந்த கரையை என் கணவரின் சட்டைத் தோளில் வைத்துத் தைத்திருக்கிறேன். ஜோடியாக ஆடுபவர்கள் ஒரே துணியில் உடுத்துவது இந்த நடனத்தில் நெடுநாள் வழக்கம். இந்த ஆண்டு அதை எடுத்து உதறியபோது, நம்மில் வேறு யாரெல்லாம் அமெரிக்காவின் ஸ்கொயர் டான்ஸ் தேசிய மாநாட்டுக்குப் போயிருக்கிறார்கள், அங்கே யாரைச் சந்தித்தார்கள் என்று கேட்கத் தோன்றியது. என் கதையை முதலில் சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சொல். ஸ்கொயர் டான்ஸில் நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்பார்கள். மேடையில் அழைப்பாளர் ஒருவர் அடுத்த அசைவின் பெயரை இசையோடு சொல்லிக்கொண்டே போவார். காதில் விழுந்தவுடன் எட்டுப் பேரும் அதைச் செய்ய வேண்டும். அடுத்து என்ன வரும் என்பது அழைப்பாளர் மனதில் மட்டும் இருக்கும். ஆகவே இதை மனப்பாடம் செய்து ஆட முடியாது, காதால்தான் ஆட வேண்டும். ஒருவர் தவறினால் எட்டுப் பேரும் நிற்க வேண்டியதுதான்.

மாநாடு ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கும், பெரும்பாலும் ஜூன் கடைசி வாரத்தில். 2017-இல் எங்கள் ஊருக்கே வந்தது, அது 66-ஆவது. தேவாலயக் கூடத்தில் வாரம் ஒருமுறை கூடும் எங்கள் கிளப்பில் ஓராண்டு கற்று, ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்ற நிலையை அப்போதுதான் முடித்திருந்தேன். மாநாட்டில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிக் கூடம். நான் அவசரத்தில் அடுத்த நிலையான ‘பிளஸ்’ ஆடும் கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு சதுரத்திலிருந்து ஒற்றை விரல் உயர்ந்தது. இன்னும் ஒரு ஜோடி வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். நானும் கணவரும் ஓடிப்போய் நின்றோம்.

மூன்றாவது நிமிடத்தில் ‘ரிலே த டூசி’ என்ற அழைப்பு வந்தது. நாங்கள் கேட்டறியாத பெயர். நான் அப்படியே நின்றுவிட்டேன். சதுரம் கலைந்தது. எதிரில் நின்ற ஒருவர் முகத்தைச் சுளித்துவிட்டு வெளியே நடந்தார். பாதி ஆட்டத்தில் சதுரத்தை விட்டுப் போவதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு இந்த நடனத்தில் இல்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கணத்தில், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தேன்.

என் இடப்பக்கம் நின்ற பாட்டி என் கையைப் பிடித்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் எல்லாரையும் எதிரெதிரே இரண்டு வரிசையாக நிறுத்தினார். கலைந்த சதுரம் மறுபடி ஆட்டத்தில் சேர அதுதான் வழி: வரிசையில் நின்று அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பது. ஆனால் எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. அவர் வாசல் பக்கம் கையை உயர்த்தினார். தண்ணீர்ப் புட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல், புட்டியைத் தரையில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

ஆட்டம் முடிந்ததும் அந்த எட்டுப் பேரும் கலையவில்லை. கூடத்துக்கு வெளியே நடைவழியில் என்னை நிறுத்தி, ‘ரிலே த டூசி’யை மூன்று முறை மெதுவாக நடந்து காட்டினார்கள். பாட்டியின் சட்டையில் நெப்ராஸ்கா என்று பெயர்ப்பட்டை இருந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இன்றும் அந்த அழைப்பு வரும்போது என் கை அவர் கையைத்தான் தேடுகிறது.

ஃபீனிக்ஸ், அரிசோனா

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வயது எழுபத்தெட்டு. நானும் என் மனைவியும் முதலில் போனது 2000-இல் பால்டிமோரில் நடந்த மாநாடு. அடுத்த ஆண்டு அனாஹைமில் 50-ஆவது. பிறகு 2004-இல் டென்வர், 2005-இல் போர்ட்லாந்து, 2009-இல் லாங் பீச்.

அனாஹைமில் சந்தித்த ஒரு தம்பதியரைச் சொல்ல வேண்டும். 1976-இல் இதே ஊரில் 25-ஆவது மாநாடு நடந்தபோது அவர்கள் இளம் தம்பதியராக வந்திருந்தார்களாம். அந்த ஆண்டு ஏறக்குறைய 40,000 பேர் கூடினார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. கணவனைக் கூட்டத்தில் தவறவிட்டு இரண்டு மணி நேரம் வேறு வேறு சதுரங்களில் ஆடிக்கொண்டே தேடியதாக அந்த அம்மாள் சொன்னார். “தேடுகிறேன் என்று யாரும் ஆடுவதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை” என்றார். முதல் மாநாடு 1952-இல் நடந்த ரிவர்சைடு நகரம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். மாநாடு முடிந்த மறுநாள் என் மனைவியின் பிடிவாதத்தால் காரில் அங்கே போய்விட்டு வந்தோம். பார்ப்பதற்கென்று அங்கே எதுவுமில்லை. ஆனாலும் தொடங்கிய ஊரில் ஒருமுறை கால் வைக்க வேண்டும் என்றாள். கோயிலுக்குப் போனால் குளத்தில் கால் நனைக்காமல் வரமாட்டாள், அதுபோல.

2010-இல் அவள் போய்விட்டாள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நான் எங்கும் ஆடவில்லை. 2012-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் மாநாடு. மகன் வற்புறுத்தி அனுப்பினான். ஆற்றங்கரையிலேயே மாநாட்டுக் கட்டடம். முதல் நாள் முழுதும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் கூடத்துக்குள் போய்ச் சுவர் ஓரமாக நின்றேன்.

என் வயதுக்காரர் ஒருவர் வந்து, தங்கள் சதுரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஆனால் அது பெண் ஆடும் பக்கம், வருவீர்களா என்று கேட்டார். எனக்கு ஆண் பக்கம் மட்டும்தான் தெரியும். சொன்னேன். “உங்கள் மனைவி எப்படி ஆடுவார் என்பது நினைவிருக்கிறதா?” என்று கேட்டார். நான் தனியாக நிற்பதன் காரணத்தை அவரிடம் சொல்லவே இல்லை. எப்படிப் புரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போய் நின்றேன். முதலில் தனி அழைப்புகள், பிறகு பாட்டோடு சேர்ந்த ஆட்டம். இந்தப் பாட்டு ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், பக்கத்து ஜோடியைச் சேர்ந்தவர் புதிய இணையாகிவிடுவார். அவரோடு நடந்து போய்ச் சேருவது வழக்கமாக ஆணின் இடம். நான்கு சுற்றுகள் முடியும்போது அவரவர் இணையோடு அவரவர் இடத்தில் இருப்பார்கள். ஆண் பக்கம் ஆடியவரைக்கும், ஒவ்வொரு சுற்றிலும் நான் என் இடத்துக்கே திரும்பினேன். என்னிடம் வேறு வேறு பெண்கள் வந்து போனார்கள், கடைசியில் அவள் வந்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்று பெண் பக்கம் நின்றபோதுதான் தெரிந்தது, அவள் ஒவ்வொரு முறையும் சதுரம் முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள் என்று. முதல் சுற்று முடிந்து ஓர் அந்நியரின் இடத்தில் போய் நின்றேன். இரண்டாவதில் இன்னொருவர் இடம். எதிரே, நான் புறப்பட்ட இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அது தொலைவில் இருந்தது. நான்காவது சுற்றில் அங்கே திரும்பி வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். ‘யெல்லோ ராக்’ என்று அந்தத் தழுவலுக்கு இங்கே பெயர்.

அதற்குப் பிறகு நான் இரண்டு பக்கமும் ஆடுகிறேன். குளிர்காலத்தில் வட மாநில முதியவர்கள் இந்தப் பக்கம் மீசா நகருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடுவார்கள். தனியாக வரும் ஆண்களிடம் நான் முதலில் கேட்பது, பெண் பக்கம் தெரியுமா என்பதைத்தான்.

டொரொண்டோ, கனடா

ஐயா எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

நான் மட்டக்களப்பில் பிறந்தவள். எங்கள் ஊரில் வசந்தன் ஆடுவார்கள். ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியார் பாட, கோல் பிடித்து வட்டமாக ஆடுகிற ஆட்டம். சிறுமியாக வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். 2015-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் மாநாடு நடந்தபோது, எல்லை தாண்டிக் காரில் போய்விடலாம் என்ற துணிவில்தான் போனேன்.

அங்கே எங்கள் சதுரத்தில் ஜப்பானிலிருந்து வந்த நான்கு பேர் நின்றார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். தலையை ஆட்டிச் சிரித்தார்கள், அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. இவர்களோடு எப்படி ஆடுவது என்று எனக்கு உள்ளூர அச்சம். இசை தொடங்கியது. ஓர் அழைப்பில்கூட அவர்கள் தவறவில்லை. பக்கத்து ஜோடியில் நிற்பவருக்கு இடக்கை கொடுக்கச் சொல்லும் ‘அலமாண்ட் லெஃப்ட்’ என்றதும், என் பக்கத்தில் நின்ற ஜப்பானியரின் இடக்கை என் கை வந்து சேரும் இடத்தில் முன்னாலேயே காத்திருந்தது. ஜப்பான், ஜெர்மனி, ஸ்வீடன், எங்கு ஆடினாலும் அழைப்புகள் ஆங்கிலத்தில்தான். அவர்கள் அறிந்த ஆங்கிலம் அந்தப் பெயர்கள். அதில் அவர்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். 1974-இல் அழைப்பாளர்கள் சேர்ந்து காலர்லேப் என்ற அமைப்பைத் தொடங்கி, எந்த நிலைக்கு எந்த அழைப்புகள் என்று பட்டியல் வகுத்தார்கள். அதற்கு முன் ஊருக்கு ஊர் புதுப்புது அழைப்புகள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அந்த ஜப்பானியரும் மட்டக்களப்புப் பெண்ணும் ஒரே நொடியில் கை நீட்டியிருக்க முடியாது.

‘ரைட் அண்ட் லெஃப்ட் கிராண்ட்’ ஆடும்போது எனக்கு வசந்தன் நினைவு வந்தது. வலக்கையை இணைக்குக் கொடுத்து, கடந்து, இடக்கையை அடுத்தவருக்குக் கொடுத்து, மறுபடி வலக்கை. உள்ளும் வெளியுமாகப் பின்னிக்கொண்டு போவோம். கோல்தான் இல்லை. வேலியோரம் நின்று பார்த்தவள் ஐம்பத்திரண்டு வயதில் வட்டத்துக்குள் வந்துவிட்டேன் என்று அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ஆர் ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான் பிள்ளை” என்றார்.

அட்லாண்டா, ஜார்ஜியா

அக்காமார்களே, ஐயா, என்னுடையது சிறியது. எனக்கு முப்பத்தொன்று. 2020-இல் ஸ்போகேன் மாநாட்டுக்குப் பணம் கட்டியிருந்தேன். கோவிட் காரணமாக அது நடக்கவில்லை. அடுத்த ஆண்டு மிசிசிப்பியின் ஜாக்சனில் 70-ஆவது. கூட்டம் குறைவு. ஓராண்டுக்கு மேலாகக் கை குலுக்கக்கூடத் தயங்கியவர்கள் முதல் அழைப்புக்கு எட்டுத் திசையிலிருந்தும் கை நீட்டியதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மையார் ஒருவர் என் உள்ளங்கையைப் பிடித்து, விடாமல், “சூடாக இருக்கிறது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அங்கே ஓர் இரவு உணவில், கறுப்பின முதியவர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்தார். 19-ஆம் நூற்றாண்டில், அடிமைப்பட்டிருந்த கறுப்பின வயலின் கலைஞர்கள் நடனங்களுக்கு வாசித்துக்கொண்டே அசைவுகளைச் சொல்லி நடத்தினார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். இந்த நடனத்தின் அழைப்பு என்ற உயிர்நாடியிலேயே அவர்களுடைய பங்கு பெரிது. நான் கற்றபோது யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு கிளப்பிலும் முதல் பாடத்தில் சொல்ல வேண்டியது இது.

இன்னொன்று. முதல் அக்கா கோபிக்க வேண்டாம். அடுக்குப் பாவாடையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் என்று பல கிளப்புகள் நெடுநாள் இருந்ததால்தான் என் வயதுக்காரர்கள் உள்ளே வரவில்லை என்று நினைக்கிறேன். மாநாடுகளில் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் நரைத்த தலைகள்தான். அவர்களுக்குப் பிறகு எட்டுப் பேருக்கு எங்கே போவது?

சின்சினாட்டி, ஒஹையோ

தம்பி, கோபம் இல்லை. எங்கள் கிளப்பில் உடை விதியை எடுத்துவிட்டோம். ஜீன்ஸ் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் இப்போது வருகிறார்கள். நான் என் பாவாடையைத்தான் உடுத்துவேன். அது என் மகளுடையது.

தங்கச்சி, உங்கள் அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஐயா, வியாழக்கிழமை நானும் கணவரும் பக்கம் மாற்றி ஆடினோம். அழைப்பாளரிடம் முன்னதாகவே சொல்லி அனுமதி வாங்கினேன். முதல் சுற்றில் அவர் தடுமாறி என் பக்கமே திரும்பப் பார்த்தார். அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி அவர் கையைப் பிடித்து அடுத்த இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். இரண்டாவது சுற்றில் அவர் எனக்கு நேர் எதிரே, கூடத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் என் இடத்திலேயே நின்று, அவர் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றில் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. “இவ்வளவு தூரமா?” என்று கேட்டார்.