உறுதி இல்லாத லயத்துக்குப் பசுமைக் கடன்

இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மாடு வளர்க்கும் சில குடும்பங்கள் சாண எரிவாயுத் தொட்டி கட்ட வங்கிக் கடன் கேட்டபோது, விண்ணப்பங்களை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்குள்ள பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு, தேயிலைச் செடியில் கவ்வாத்து செய்த மிலாறையும் சவுக்கு விறகையும் தலையில் சுமந்து வந்து, புகை வெளியேற வழியில்லாத லய அறையான காம்பிராவில் அடுப்பு மூட்டுகிறார்கள். இரண்டு மூன்று மாடுகளின் சாணம் ஒரு வீட்டுச் சமையலுக்குப் போதும். மலைக்குளிரில் வாயு குறையும் என்பதையும் அவர்கள் கேட்டறிந்தே முன்வந்தார்கள்.

வங்கியில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, "காணி உறுதி இலக்கம்", அதாவது நில உரிமைப் பத்திரத்தின் எண், என்ற கட்டம் வரைக்கும். எல்லா விண்ணப்பங்களிலும் அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. "உறுதி இல்லாமல் மேலே அனுப்ப ஏலாது அம்மா" என்று அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். "நாலு தலைமுறையா இந்த லயத்துலதான் சார் இருக்கோம்" என்றார் ஓர் அக்கா. லயமும் அது நிற்கும் நிலமும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்ட உறுதியோடு நிலம் தரும் 7 பேர்ச் காணித் திட்டமும் இன்னும் எல்லோரையும் எட்டவில்லை.

இலங்கை மத்திய வங்கி 2019இல், சூழலையும் சமூகத்தையும் கருதிக் கடன் கொடுக்கும் நிலைபேறான நிதிக்கான வழிவரைபடத்தையும், 2022இல் பசுமை நிதி வகைப்பாட்டையும் வெளியிட்டது. எந்த முயற்சி பசுமையானது என்பது இன்று எழுத்தில் இருக்கிறது. பிணை வைக்க எதுவுமில்லாதவருக்கு பசுமை முயற்சிக்கான கடன் பணம் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1997இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய எரிசக்தித் திட்டத்திலும், 2002இல் அதைத் தொடர்ந்த திட்டத்திலும், மின்கம்பி எட்டாத கிராமத்தவர்கள் மின் நுகர்வோர் சங்கமாகப் பதிவு செய்து, மானியத்துடன் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கடன் பெற்று, ஓடை நீரில் மின்சாரம் எடுத்தார்கள். தனித்தனி வீட்டின் உறுதியை விட, சங்கம் மாதந்தோறும் திரட்டும் கட்டணமே அங்கே கடனைத் தாங்கியது.

அதை வைத்தே மறுபடியும் பேசினோம். பால் சேகரிக்கும் சங்கத்தின் பெயரில், பால் காசிலிருந்து தவணையைக் கழிக்கும் ஏற்பாட்டோடு கொடுத்த விண்ணப்பத்தை அதே கிளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழி வெட்டுவது தோட்டக் காணியில் என்பதால் தோட்ட முகாமையாளரான துரையின் சம்மதக் கடிதம் மட்டும் இன்னும் வர வேண்டும்.