மறுமொழி: பாசிவேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். உலோகத்தின் மேற்பரப்பில் அமையும் மெல்லிய படலம் அதை மேலும் அரிபடாமல் காப்பதைத்தான் பாசிவேஷன் (passivation) என்கிறோம். அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி.

> 'செயலிழப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் பத்தாம் வகுப்பு மாணவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அந்தச் சொல் தடுக்கி விழுகிறது. உலோகங்களை வினைபுரியும் திறன்படி அடுக்கிய வினைபடு வரிசையில் அலுமினியம் இரும்புக்கு மேலே நிற்கிறது. அப்படியிருக்க, இரும்புத் தோசைக்கல் ஓர் இரவு ஈரத்தில் கிடந்தாலே துருவேறுகிறது. அலுமினியச் சட்டி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறதே, எப்படி? அலுமினியம் எதையும் இழந்துவிடவில்லை. காற்றுப் பட்ட கணமே ஆக்சிஜனோடு வினைபுரிந்துவிடுகிறது. அப்போது உண்டாகும் ஆக்சைடு, சில நானோமீட்டர் தடிமனில் உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் ஆக்சிஜனுக்கு வழிவிட மறுக்கிறது. இரும்பின் துரு பொருக்காக உதிர்வதால் அடியிலுள்ள இரும்பும் அரிபடுகிறது.

அலுமினியத்தின் வீரியம் உள்ளே அப்படியே இருக்கிறது என்பதற்குப் பாதரசமே சாட்சி. இந்த ஆக்சைடுப் படலத்தைக் கீறி அந்த இடத்தில் பாதரசத்தை வைத்தால், இரண்டும் கலந்த இரசக்கலவை உண்டாகும். அதன்மேல் ஆக்சைடு ஒட்டி நிற்காது, வெள்ளை மயிரிழைகளாக முளைத்துக்கொண்டே போகும். விமானத்தில் பாதரசத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (வகுப்பில் செய்துகாட்ட வேண்டாம், பாதரச ஆவி நஞ்சு.)

'மந்தமாதல்' என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. ஹீலியத்தையும் நியானையும் மந்த வாயுக்கள் என்று ஏற்கெனவே படித்தவர்களிடம் அலுமினியத்தையும் அந்த வரிசையில் உட்கார வைத்துவிடுவோம். 'பூச்சு' என்றாலோ வெளியிலிருந்து யாரோ பூசியதாகிவிடும்.

என் பரிந்துரை: படலக்காப்பு. 'அடர் நைட்ரிக் அமிலத்தில் இரும்பு படலக்காப்புப் பெறுகிறது' என்று வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது. இன்னொரு வசதியும் உண்டு. தமிழகப் பாடநூல்களில் 'வினை', இலங்கைப் பாடநூல்களில் 'தாக்கம்'. இந்தச் சொல்லில் இரண்டுமே இல்லாததால் இரு பக்கமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

> ஆனால் விளக்கத்தையே பெயராக்குகிறீர்கள். பெயர் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

நியாயமான தடை. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரையும் இரும்பு அடர் அமிலத்தில் சும்மா நிற்பதை 1836இல் ஷோன்பைன், ஃபாரடே என்ற அறிவியலாளர்கள் இருவரும் கடிதங்களில் அலசியபோது காரணம் உறுதியாகவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பெயரிட்டார்கள். இன்று படலத்தை அளந்தே பார்க்கிறோம். அந்தக் காலத்துத் தயக்கத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒரு முடிச்சு மட்டும் பாக்கி. எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதால் படலம் தானாகவே அமைகிறது. ஆனால் ஆலைகளில் அதை நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் தோய்த்து, மேற்பரப்பில் ஒட்டிய இரும்புத் துகளை நீக்கி, படலம் சீராக அமையச் செய்வதையும் பாசிவேஷன் என்றே அழைக்கிறார்கள். அந்தச் செய்முறைக்குப் 'படலக்காப்பேற்றம்' என்று தனிச்சொல் வைக்கலாமா? உலோகத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.