குடும்ப குரூப்: லீவுல லேப்

நான்: அத்தை, செகண்ட் இயர் பரீட்சை முடிஞ்சதும் எட்டு வாரம் லீவு. ஏதாவது ரிசர்ச் லேப்ல சேரலாம்னு இருக்கேன். யார்கிட்ட, எப்படிக் கேக்கணும்?

பெரியப்பா: டாக்டராகப் போறவனுக்கு லேப் எதுக்குடா? வார்டுல நில்லு. நாலு நோயாளியைப் பார்த்தா உருப்படியா இருக்கும்.

அத்தை: அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. 1869-ல பெர்லின்ல லாங்கர்ஹான்ஸ்னு 21 வயசு மருத்துவ மாணவர், கணையத்துல திட்டுத் திட்டாக் கிடந்த செல்களைப் பார்த்து ஆய்வேட்டுல எழுதினார். அது எதுக்குன்னு அவருக்குப் புரியல. இன்சுலின் சுரக்கிற இடமே அதுதான்.

அத்தை: ரத்தம் உறையாமத் தடுக்கிற ஹெபரின் மருந்தும் அப்படித்தான். ஜே மெக்லீன், அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ மாணவர், 1916. ரத்தத்தை உறைய வைக்கிற பொருளை ஆராயச் சொல்லி அவரோட பேராசிரியர் ஹோவெல் வேலை கொடுத்தார். கல்லீரல்ல இருந்து எடுத்த சாறு உறையவிடாமத் தடுத்துச்சு. கோளாறுன்னு கொட்டிடாம திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்தார். இன்னிக்கு அது இல்லாம டயாலிசிஸ், இதய ஆபரேஷன்லாம் நினைச்சே பார்க்க முடியாது.

பெரியப்பா: இது எனக்குத் தெரியாதும்மா. சரி, அவனுக்கு வழி சொல்லு.

நான்: பெரிய லேபா பார்த்து மெயில் போடட்டுமா?

அத்தை: பேரைப் பார்க்காதே. "லேப் மேஜைல தினமும் எனக்கு யார் சொல்லிக் கொடுப்பாங்க?"ன்னு முதல்லயே கேளு. பேராசிரியருக்கு நேரம் இருக்காது. பக்கத்துல நின்னு காட்டுற பிஎச்டி மாணவரோ, பிஎச்டி முடிச்சு ஆய்வு பண்ற போஸ்ட்டாக்கோ இருந்தாத்தான் உனக்கு வேலை பழகும். அப்படி ஆள் இல்லைன்னா எவ்வளவு பெரிய லேபா இருந்தாலும் வேண்டாம்.

அத்தை: மெயில் பத்து வரிக்கு மேல போகக் கூடாது. அவங்க வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை (பேப்பர்) ரெண்டைப் படி, அதுல உனக்கு வந்த ஒரு கேள்வியை எழுது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும்னு உள்ளதைச் சொல்லு. ஒரே மெயிலை நாப்பது பேருக்கு அனுப்பினா படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

நான்: எட்டு வாரத்துல என் பேர்ல பேப்பர் வருமா?

அத்தை: அதை நம்பிப் போகாதே. புரதத்தைக் கண்டுபிடிக்கிற வெஸ்டர்ன் பிளாட் சோதனை ஒண்ணுக்கே ரெண்டு நாள் ஆகும், முதல் சிலது சரியா வராது. செல் வளர்த்தா ஞாயித்துக்கிழமையும் மீடியம், அதாவது செல்லுக்கான சத்துத் திரவம், மாத்தப் போகணும். நோயாளி சாம்பிள், எலின்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும், அதுக்கே உன் லீவு போயிடும். ஏற்கெனவே அனுமதி வாங்கி நடக்கிற ஆய்வுல ஒரு சின்னத் துண்டு கேளு. ஆசிரியர் பட்டியல்ல பேர் வருமாங்கிறதையும் சேரும்போதே பேசிடு, வெறுமே டியூப் நிரப்பினதுக்குப் பேர் போட மாட்டாங்க.

அம்மா: அவனுக்கு ஓய்வு வேண்டாமா? வருஷம் முழுக்கப் படிச்சிருக்கான்.

அத்தை: கடைசி ஒரு வாரம் வீட்டுல இருக்கட்டும் அண்ணி. ஏழு வாரம்னே எழுதட்டும்.

நான்: முதல் நாள் என்ன செய்யச் சொல்லுவாங்க?

அத்தை: எங்க லேப்ல பிப்பெட்தான், திரவத்தைத் துல்லியமா அளந்து எடுக்கிற கருவி. தராசுல சின்னக் குப்பியை வெச்சு 100 மைக்ரோலிட்டர் தண்ணி விடணும், 100 மில்லிகிராம் காட்டணும். திரும்பத் திரும்ப அதே எடை வரணும். கட்டை விரலைப் பட்டுன்னு விட்டா உள்ளே காத்து ஏறும், எடை குறையும். அது கைக்கு வந்த பிறகுதான் விலை கூடின ஆன்டிபாடியைத் தொட விடுவோம்.

அத்தை: நோட்டுல பேனாலதான் எழுதணும். தப்பானா ஒரு கோடு போட்டு அடி, கிழிக்காதே. வராத ரிசல்ட்டையும் எழுது, மெக்லீனை நினைச்சுக்கோ.

நான்: சரி அத்தை, ராத்திரிக்குள்ள மெயில் எழுதி உங்களுக்கு அனுப்பறேன்.

அத்தை: அனுப்பு, பார்த்துச் சொல்றேன். ஹெபடைடிஸ் பி ஊசி மூணும் போட்டாச்சா? மனுஷ ரத்தம் கையாளுற லேப்னா கேப்பாங்க.

அம்மா: ரெண்டுதான் ஆச்சு. மூணாவது அடுத்த மாசம்.

அத்தை: தேதியை மெயில்லயே எழுதிடச் சொல்லுங்க அண்ணி.