கலைஞரின் 13 வெற்றிகள்: தேர்தல் பட்டியலைப் பிழையில்லாமல் தயாரிப்பது எப்படி?

பொன்னிக்கரை:
மு. கருணாநிதியின் சட்டமன்றத் தேர்தல்களை மட்டும் எடுத்து, ஆண்டு, தொகுதி, எதிர்த்து நின்றவர், வாக்கு வித்தியாசம் என்று ஒரே அட்டவணையாகத் தொகுக்கிறேன். மூன்று இடங்களில் முட்டுகிறது. "1957 முதல் 2018 வரை இடைவெளியில்லாமல் உறுப்பினர்" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் 1984 தேர்தலில் அவர் பெயரையே காணோம். 1957 தேர்தல் ஆணைய அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே சுயேச்சை என்று இருக்கிறது. அதுபோக, ஒரே தேர்தலுக்கு ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு வாக்கு சதவீதம் தருகிறது. எதை நம்புவது?

ஆவணப்பிரியன்:
முதலில் தொகுதிகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணா நகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், 2011, 2016 திருவாரூர். எண்ணினால் 13 வரும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1952 பேரவையை முதலாவதாக வைத்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் 1957-ல் அமைந்தது 2-வது பேரவை, 2016-ல் அமைந்தது 15-வது. 2 முதல் 15 வரை மொத்தம் 14 பேரவைகள். அவர் தேர்ந்தெடுக்கப்படாதது 8-வது ஒன்றுக்கு மட்டும்தான், அதாவது 1984 டிசம்பர் தேர்தலில் அமைந்தது. ஆக 13. உங்கள் பட்டியலில் 12 அல்லது 14 வந்தால் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரட்டித்திருக்கிறது.

1984-ல் அவர் தோற்கவில்லை. போட்டியிடவே இல்லை. இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து 1983-ல் அவரும் க. அன்பழகனும் உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்கள். பிறகு கலைஞர் சட்டமேலவைக்குப் போனார். 1986 நவம்பர் 1-ம் தேதியோடு மேலவையே இல்லாமல் போனது. அதன்பின் 1989 வரை அவர் எந்த அவையிலும் இல்லை. 1991-ல் துறைமுகத்தில் வென்றும் சீக்கிரமே பதவியை விட்டுவிட்டார், 1996 வரை அது இன்னொரு இடைவெளி. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டதிலிருந்து 1977 தேர்தல் வரை பேரவையே கிடையாது.

அதனால் "இடைவெளியில்லாமல்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றவர்" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. 2017-ல் கொண்டாடிய வைரவிழா, முதன்முதலில் அவைக்குள் நுழைந்து 60 ஆண்டு ஆனதற்கானது. 60 ஆண்டும் உறுப்பினராக இருந்தார் என்று பலர் அதைப் புரிந்துகொண்டதில்தான் இந்தக் குழப்பம் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

தொகுதிவாசி:
1957 பற்றி நான் சொல்கிறேன். அப்போது தி.மு.க. தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கட்சி அல்ல. அதன் வேட்பாளர்கள் எல்லோரையும் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை சுயேச்சைகளோடு சேர்த்துவிட்டது. 1962 அறிக்கையில்தான் கட்சிப் பெயர் தனியாக வரும். நீங்கள் கட்சி என்ற பத்தியில் "சுயேச்சை (தி.மு.க.)" என்று போடுங்கள். வெறும் தி.மு.க. என்று போட்டால் மூல ஆவணத்தோடு ஒத்துப்போகாது, வெறும் சுயேச்சை என்று போட்டால் வரலாறு தப்பாகும்.

1957-க்கு இன்னொரு எச்சரிக்கை. அன்றைய 205 இடங்களும் 205 தொகுதிகள் அல்ல. மொத்தம் 167 தொகுதிகள், அதில் 38 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. அதனால் பதிவான வாக்குகள் வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டும், வாக்குப்பதிவு 100 சதவீதத்துக்கு மேல் போனதுபோல் தெரியும். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். 1962 முதல் எல்லாமே ஒற்றை உறுப்பினர் தொகுதிகள்.

தொகுதியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லை ஒன்றாக இருக்காது. 2006 வரை இருந்த சேப்பாக்கம், 2008 மறுசீரமைப்பில் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஆனது. இரண்டையும் ஒரே வரியில் ஒப்பிடக்கூடாது. திருவாரூர் அந்த மறுசீரமைப்புக்கு முன் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. 2011-ல் பொதுத் தொகுதியான பிறகுதான் அவர் அங்கே நிற்கவே வழி பிறந்தது. "சொந்த ஊரை விட்டுச் சென்னையிலேயே நின்றார்" என்று எழுதுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. அட்டவணையில் இதற்கென ஒரு குறிப்புப் பத்தி வையுங்கள்.

பழைய அறிக்கைகளில் ஆளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் அறிக்கைக்கு அறிக்கை மாறும். தொகுதிப் பெயரை வைத்துத் தேடினால் உடனே அகப்படும்.

கூட்டல்கழித்தல்:
சதவீதம் ஏன் மாறுகிறது என்றால், வகுக்கும் எண் மாறுகிறது. சிலர் செல்லத்தக்க வாக்குகளால் வகுப்பார்கள், சிலர் பதிவான மொத்த வாக்குகளால். வாக்குச்சீட்டுக் காலத்தில் செல்லாத வாக்குகள் கணிசமாக இருக்கும், எனவே இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 2016 தமிழ்நாட்டில் நோட்டா (யாருக்கும் வாக்கில்லை என்ற தெரிவு) இடம்பெற்ற முதல் சட்டமன்றப் பொதுத்தேர்தல். அதைச் சேர்த்து வகுத்தால் ஒரு விடை, சேர்க்காவிட்டால் இன்னொரு விடை. டெபாசிட்டைத் திரும்பப் பெறச் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும், அந்தக் கணக்கில் நோட்டா சேராது. எல்லா ஆண்டுக்கும் நோட்டா நீங்கலான செல்லத்தக்க வாக்குகளையே வைத்துக்கொள்ளுங்கள், அதை அட்டவணைக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.

படிவம் 20-லிருந்து (தொகுதியின் இறுதி முடிவுத் தாள்) வாக்குச்சாவடி வாரியாகக் கூட்டினால், கடைசியில் வரும் தபால் வாக்குகளையும் சேருங்கள். அறிவிக்கப்பட்ட எண்ணுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வித்தியாசத்தை எண்ணாக மட்டும் தராமல், விகிதமாகவும் தாருங்கள் என்பது என் வேண்டுகோள். 1980 அண்ணா நகரில் அவர் 51,290, அ.தி.மு.க.வின் எச்.வி. ஹண்டே 50,591. வித்தியாசம் 699. 1991 துறைமுகத்தில் அவர் 30,932, காங்கிரசின் கே. சுப்பு 30,042. வித்தியாசம் 890. எண்ணைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. முதல் இருவரின் வாக்குகளைக் கூட்டி வகுத்துப் பாருங்கள்: 1980-ல் 0.7 சதவீதம், 1991-ல் 1.5 சதவீதம். துறைமுகம் சின்னத் தொகுதி, அதனால் அங்கே 890 இருமடங்கு கனமானது. அவர் வாழ்க்கையில் தோல்விக்கு மிக அருகே போனது 1980-ல்தான்.

மேல்முனையிலும் இப்படித்தான். 2016 திருவாரூரில் 1,21,473-க்கு 53,107. வித்தியாசம் 68,366, அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம். 1996 சேப்பாக்கத்தில் 46,097-க்கு 10,313, வித்தியாசம் 35,784 மட்டுமே. ஆனால் அதே முறையில் 2016-க்கு 39 சதவீதமும் 1996-க்கு 63 சதவீதமும் வருகின்றன. "மிகப்பெரிய வெற்றி" என்று எழுதும்போது எந்த அளவுகோல் என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. மூன்றாவது, நான்காவது வேட்பாளர்கள் நிறைய வாங்கிய ஆண்டுகளில் இருவர் கணக்கு ஏமாற்றும். அங்கே செல்லத்தக்க வாக்குகளாலேயே வகுத்துவிடுங்கள்.

பொன்னிக்கரை:
மிக்க நன்றி. 8-வது பேரவைக் கணக்கு உடனே வேலை செய்தது. இதே முறையை ஜெயலலிதாவுக்கும் பயன்படுத்தலாமா?

ஆவணப்பிரியன்:
அப்படியே பொருந்தாது. கலைஞரின் 13 தேர்தல்களுமே பொதுத்தேர்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரே தொகுதி, எனவே வெற்றியும் பேரவையும் ஒன்றுக்கொன்று. ஜெயலலிதா 1991-ல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று பர்கூரை வைத்துக்கொண்டார். அங்கே வெற்றி இரண்டு, பேரவை ஒன்று. 2001 பொதுத்தேர்தலில் நான்கு தொகுதிகளில் தாக்கல் செய்த மனுக்களும் தள்ளுபடியாகி, 2002-ல் ஆண்டிபட்டி இடைத்தேர்தல் வழியாகத்தான் 12-வது பேரவைக்கு வந்தார். 2011-ல் ஸ்ரீரங்கம், பதவி இழந்த பிறகு 2015-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், இரண்டுமே 14-வது பேரவை. அவருக்கு "வென்ற தேர்தல்கள்", "உறுப்பினராக இருந்த பேரவைகள்" என்று இரண்டு பத்தி தேவை. இடைத்தேர்தல் முடிவுகள் பொதுத்தேர்தல் அறிக்கையில் இருக்காது, தனியாகத் தேடி எடுங்கள்.