அம்பின் ‘ஸ்பைன்’: விறைப்பெண்ணா, தொய்வெண்ணா?

> ‘ஸ்பைன்’ (அம்புத்தண்டு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்று காட்டும் எண்) என்பதற்குத் தமிழில் ‘விறைப்பெண்’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் அம்புத்தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கிறார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500, 0.4 அங்குலம் என்றால் 400. எண் கூடக்கூடத் தண்டு இளக்கம். ‘விறைப்பெண் 500’ என்று எழுதினால், வாங்குபவர் அது 400ஐவிட விறைப்பானது என்றே எடுத்துக்கொள்வார். அளப்பது தொய்வை, ஆகவே ‘தொய்வெண்’.

*

> தொய்வெண்

அட்டவணைக்குச் சரி. எய்யும்போது? அதே 500 தண்டை ஓர் அங்குலம் வெட்டினால் விறைப்பாக நடந்துகொள்கிறது. முனையில் 20 கிரெயின் எடை கூட்டினாலோ வில்லின் இழுவிசையை ஏற்றினாலோ இளகிவிடுகிறது. தண்டில் அச்சிட்ட எண் என்னவோ மாறுவதில்லை. இதற்குத் தனிச்சொல் வேண்டும்: ‘எய்விறைப்பு’?

*

> எய்விறைப்பு

நன்று. ஒரு செய்முறைக் குறிப்பில் பொருத்திப் பார்க்கிறேன் (விரலால் நாண் விடும் ரீகர்வ் வில், அதாவது நுனிகள் முன்னோக்கி வளைந்தது; வலக்கை வில்லாளி):

“18 மீட்டரில் இறகுள்ள அம்பு மூன்றும் இறகிலி இரண்டும் எய்யவும். முதலில் மேல்-கீழ். இறகிலி மற்றவற்றைவிடக் கீழே பாய்ந்தால் நாணில் குதை (அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவு) மாட்டும் இடம் உயர்ந்திருக்கிறது, சிறிது இறக்கவும். இதை விட்டுவிட்டு இடம்-வலம் பார்த்தால், அம்பின் வால் வில்லிலுள்ள அம்புத்தாங்கியில் உரசி எல்லாக் கணக்கையும் கெடுக்கும். பிறகு, இறகிலி இடப்பக்கம் விழுந்தால் எய்விறைப்பு மிகுதி, வலப்பக்கம் என்றால் குறைவு. குறைவுக்கு, தண்டைக் கால் கால் அங்குலமாக வெட்டவும், அல்லது இலேசான முனை போடவும். பிளஞ்சர் (வில்லில் அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் சிறு தண்டு) சுருள்வில் கடைசி நுண்திருத்தத்துக்கு மட்டும்.”

சொல் இடறவில்லை. இறகிலிக்கு ‘மொட்டை அம்பு’ என்பதைத் தவிர்த்திருக்கிறேன். மொட்டைக் கத்தி என்பதுபோல முனை மழுங்கியது என்று பொருள்படும். அம்புகள் இலக்கில் சேர்ந்து விழும் ‘குரூப்’புக்குத் ‘திரள்’ போதும். ‘குவிவு’ என்றால் பள்ளிப்பாடத்துக் குவிலென்ஸ்தான் முன்னால் வந்து நிற்கும்.

*

‘திரள்’ எனக்கும் சம்மதம். இன்னொன்று விடுபட்டிருக்கிறது. தண்டின் சுவர் சுற்றிலும் ஒரே தடிமன் இருப்பதில்லை, எந்தப் பக்கம் திருப்பி அளக்கிறோமோ அதற்கேற்பத் தொய்வு சற்று மாறும். அதை ‘தொய்வுத்திசை’ எனலாம். அம்புகளுக்கு எண் எழுதிவைத்து எய்தால், ஒரே எண்ணுள்ள அம்பு திரளை விட்டு ஒரே பக்கம் விலகுவது தெரியும். அந்த அம்பின் குதையை 120 பாகை திருப்பி மாட்டி மறுபடி எய்யவும். மூன்று இறகும் ஒரே வகையானால் நிறம் தவிர எதுவும் மாறாது. மூன்று நிலையிலும் விலகினால் எடை போட்டுப் பார்க்கவும், முனை தளர்ந்திருக்கிறதா, தண்டு கீறியிருக்கிறதா என்றும். கீறிய தண்டை எய்யக்கூடாது.