ஈரல் தழும்பு எந்தக் கட்டம்? பயப்சி இல்லாமல் முடிவெடுக்க உதவி தேவை

வணக்கம் டொக்டர்மார்களே. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா, வயது 46. ஓட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் அழற்சி). பயப்சி வேண்டவே வேண்டாம் என்கிறார்.

ஆரம்பத்தில் ஈரல் நொதிகள் ஏஎஸ்டி 210, ஏஎல்டி 256, பிளேட்லெட் 138,000. இவற்றையும் வயதையும் வைத்துத் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கு 4.4 வந்தது. அழற்சியே ஏஎஸ்டியைத் தூக்கிவிடும் நேரம் அது, அந்த எண்ணை நம்பமுடியாது.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசோலோன், அசத்தியோபிரின் தொடங்கி மூன்றாம் வாரம் கண்டியில் பைப்ரோஸ்கேன் (ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்): 17.8 கிலோபாஸ்கல். 10 அளவீடுகள், ஐகியூஆர் விகிதம் (அளவீடுகளின் சிதறல்) 18 சதவீதம். எடுத்த விதத்தில் குறையில்லை. ஆனால் பஸ்ஸிலேயே தேங்காய் ரொட்டியும் பிளேன்டீயும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். குறைந்தது 3 மணிநேரம் வெறும் வயிறு வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அழற்சியோடு சாப்பாடும் சேர்ந்து எண்ணை ஏற்றியிருக்கலாம்.

இப்போது நான்காம் மாதம். ஏஎஸ்டி 38, ஏஎல்டி 36, பிளேட்லெட் 152,000, ஃபிப்-4 1.9: ரெண்டுங்கெட்டான் எண். ஐஜிஜி (இந்த நோயில் ஏறும் எதிர்ப்புப் புரதம்) லீட்டருக்கு 17.4 கிராம், இன்னும் முழுதாக இறங்கவில்லை. அல்ட்ராசவுண்டில் மண்ணீரல் 12.5 செ.மீ., ஈரல் மேற்பரப்பு வழவழப்பு.

கண்டிக்குப் போனால் ஒருநாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும். ஒரு தடவைதான் அனுப்பமுடியும்.

எஃப்3-ஆ (கடும் தழும்பு) எஃப்4-ஆ (சிரோசிஸ்) என்று பிரித்தறிய இப்போதே அனுப்பலாமா, ஆறு மாதம் முடிந்து ஐஜிஜியும் சரியான பிறகா?